கார்டு வரிசையில் ஓட்டையா? அடைக்கப்போய் அணிகள் செய்யும் தவறுகள்

2023 செப்டம்பர் 27 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், டேமியன் லில்லார்ட் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு வருகிறார் என்ற செய்தி வந்ததும், அவர் குவிக்கப்போகும் புள்ளிகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கோ அவருக்கு ஈடாக வெளியேறுகிற ஜ்ரூ ஹாலிடேயை நினைத்துத்தான் கவலை. 2021 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில் டெவின் புக்கரின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, சக ஆட்டக்காரர் யானிஸுக்குத் தூக்கிக் கொடுத்தாரே, அவரேதான். அவர் போன பிறகு நடந்தது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 2022-23 சீசனில் தடுப்பாட்டத்தில் என்.பி.ஏ.வின் 4-ஆவது இடத்தில் இருந்த அணி, அடுத்த சீசனில் 19-ஆவது இடத்துக்கு இறங்கியது.

தடுப்பாட்டத்தில் கார்டுகள் (வளையத்துக்கு வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்கள்) சறுக்கும்போது ஓர் அணி எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதற்கு அந்த ஒரு சீசன் போதும்.

முதல் தவறு, 'பின்னால் உயரமானவர் நிற்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்' என்ற நம்பிக்கை. பக்ஸின் சென்டர் ப்ரூக் லோபஸ் ஏழடி உயரக்காரர். எதிரணி ஸ்கிரீன் வைத்தால், அதாவது மறிப்பவரின் வழியில் ஓர் ஆள் குறுக்கே அசையாமல் நின்றால், மேலே ஏறி வராமல், வளையத்தை ஒட்டிப் பின்வாங்கி நிற்பது அவர் பாணி. இந்த முறை பலிக்க வேண்டுமானால், முன்னால் இருக்கும் கார்டு ஸ்கிரீனைச் சுற்றி வந்து, பந்து வைத்திருப்பவரின் முதுகோடு ஒட்டித் துரத்தியாக வேண்டும். பின்னால் மூச்சுக்காற்று படும்போது அவரால் நிதானமாக நின்று எறிய முடியாது. முன்னே போனால் லோபஸ் நிற்கிறார். கார்டு ஸ்கிரீனிலேயே மோதி நின்றுவிட்டால் லோபஸ் தனியாக இருவரைச் சமாளிக்க வேண்டும். ஏறி வந்தால் வளையத்தை நோக்கி ஓடும் ஆளுக்குப் பந்து போகும். நின்றால் ஆளில்லாத எறிதல். திரையில் கூடை விழும்போது அருகில் தெரிபவர் லோபஸ் என்பதால் பழியும் அவருக்கே. ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போனது அதற்கு இரண்டு நொடி முன்பு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே.

இதைச் சரிசெய்ய நினைத்துச் செய்த காரியம் இன்னொரு தவறாக முடிந்தது. புதிய பயிற்சியாளர் ஏட்ரியன் கிரிஃபின், சீசன் தொடக்கத்தில் சென்டரையே மேலே ஏறிப் பந்தை மறிக்கச் சொன்னார். லோபஸுக்கு அப்போது 35 வயது. ஓட்டை இருந்தது கார்டு வரிசையில். மாற்றப்பட்டது நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரின் இடம். வளையத்தடியில் காவல் இல்லாமல் போனது. ஆட்டக்காரர்களே கேட்டுக்கொண்டதால் சில ஆட்டங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பினார்கள். 30 வெற்றி, 13 தோல்வி என்ற நல்ல கணக்கு இருந்தும் 2024 ஜனவரியில் கிரிஃபின் நீக்கப்பட்டார்.

எஞ்சியிருப்பவரில் ஒருவர் தலையில் கடினமான வேலையைக் கட்டுவதும் உதவாது. தூர எறிதலுக்காக எடுக்கப்பட்ட மாலிக் பீஸ்லிதான் பல ஆட்டங்களில் எதிரணியின் முதன்மை கார்டை மறிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் பேட்ரிக் பெவர்லியை வாங்கினார்கள். அவருக்கும் வயது 35. கோப்பைக்கான பிளேஆஃப் முதல் சுற்றில் இண்டியானாவிடம் தோற்றார்கள். யானிஸ் காயத்தால் அந்தத் தொடரில் ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாலிடேயோ, லில்லார்டுக்கு ஈடாக அனுப்பப்பட்ட போர்ட்லாண்டிலிருந்து நான்கே நாளில் பாஸ்டனுக்குக் கைமாறி, டெரிக் ஒயிட்டுடன் சேர்ந்து 2024 கோப்பையை வென்றார்.

அணிகள் அதிகம் நம்பும் தந்திரம் ஒளித்துவைப்பது. பலவீனமான கார்டை எதிரணியில் அதிகம் எறியாதவரிடம் நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். 89-89, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கிளீவ்லாந்தின் கைரி இர்விங்கை மறித்தவர் கோல்டன் ஸ்டேட் அணியின் நல்ல தடுப்பாட்டக்காரரான கிளே தாம்சன். தாம்சனின் அணியில் ஒளித்துவைக்கப்பட்ட ஸ்டீபன் கரி நின்றது கிளீவ்லாந்தின் ஜே.ஆர். ஸ்மித்திடம். ஸ்மித் நேராக நடந்து வந்து தாம்சனுக்கு ஸ்கிரீன் வைத்தார். கரி இர்விங்கின் முன்னால் வந்து மாட்டிக்கொண்டார். பிறகு நடந்தது உலகறிந்த மூன்று புள்ளி. இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போதும் என் கண் ஸ்மித்தின் அந்த நடை மேலேயே போகிறது. ஸ்கிரீன் வைக்க வருபவர் எங்கே நடக்கிறார் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அவர் வந்து சேருமுன் பக்கத்தில் இருக்கும் உயரமான ஆட்டக்காரர் கரியோடு ஆள் மாற்றிக்கொள்ளலாம். அல்லது கரி ஓரடி எட்டி மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பலாம். இரண்டுக்கும் வாய்விட்டுப் பேச வேண்டும், ஐவரும் பழகியிருக்க வேண்டும். இறுதித் தொடரில் போய் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

என்னை மிகவும் வருத்தும் தவறு, 'அவர் புள்ளி எடுப்பவர், தடுப்பாட்டத்தை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்' என்று கைகழுவுவது. அதே கரி 2022-இல், 34 வயதில், உடலை வலுவாக்கிக்கொண்டு வந்தார். பாஸ்டன் அணி அவரைத் தேடித் தேடித் தாக்கியது. முன்போல இடித்துத் தள்ள முடியவில்லை. கோப்பையும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தன.

கற்றுக்கொடுக்கக்கூடியதில் பெரும்பகுதி காலில் இருக்கிறது. ஸ்கிரீன் வருகிறது என்று பின்னாலிருந்து குரல் கேட்டதும், ஸ்கிரீன் வைப்பவரின் காலைத் தாண்டித் தன் முன்னங்காலை முதலில் போட வேண்டும். கால் போய்விட்டால் இடுப்பை ஒருக்களித்து நுழைந்துவிடலாம். தோளை முதலில் கொண்டுபோகிறவர் மோதி நிற்கிறார்.