ஹோட்டன் சமவெளிக்கு எந்த மாதம் போகலாம்? கொழும்பிலிருந்து முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில், வெள்ளவத்தையில் நல்ல வெயில் அடிக்கிறதே என்று நம்பி அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போனேன். சமவெளியின் விளிம்பில் செங்குத்தாக இறங்கும் பள்ளம் ஒன்று உண்டு, உலக முடிவு என்பார்கள். அங்கே போய் நின்றால் எதிரே ஒரே வெள்ளை. காற்றில் அம்மாவின் சால்வை நனைந்து கனத்துவிட்டது. அவ்வளவு தூரம் நடந்து வந்தும் அவர் எதையும் காணாமல் திரும்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

படி 1: கொழும்பு வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

நாம் இருப்பது கடல் மட்டத்தில். சமவெளி இருப்பது 2,100 மீற்றருக்கு மேலே. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து மலைநாட்டில் மோதும். மோதிய காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் முகில். அந்த முகிலுக்குள்தான் சமவெளி இருக்கிறது. கொழும்பில் மழை விட்டிருக்கும் நாளிலும் அங்கே தூறலும் காற்றும் நிற்காது. அந்த மாதங்களில் பசுமை கொள்ளை அழகு, பேக்கர் நீர்வீழ்ச்சியிலும் தண்ணீர் நிறையக் கொட்டும். ஆனால் முதன்முறை போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

படி 2: மாதத்தைத் தெரிந்தெடுங்கள்

ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை என்பதே என் பதில். வடகீழ் பருவக்காற்றின் மழை அப்போது ஓயத் தொடங்கிவிடும், வானம் தெளியும். தெளிந்த வானத்துக்கு ஒரு விலை உண்டு: இரவில் வெப்பமெல்லாம் மேலே போய்விடுவதால் சில விடியல்களில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாக இருக்கும். பாதையோரப் புல்லைக் கையால் தொட்டுப் பாருங்கள், மொறுமொறு என்று உடையும். வெயில் ஏறியதும் பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும்.

ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ காலம். பின்னேரத்தில் இடியுடன் மழை பிடிக்கும். டிசம்பரையும் நம்ப முடியாது.

படி 3: சனம் கூடும் நாட்களைத் தவிருங்கள்

ஏப்ரலில் காலநிலை மோசமில்லை. ஆனால் சித்திரைப் புத்தாண்டோடு நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அறை வாடகை ஏறும், வாகனம் நகராது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால், ஹற்றன் வழியாகப் போகிறவர்கள் வார இறுதியையும் போயா தினத்தையும் விட்டுவிடுங்கள். செவ்வாய், புதன் நல்லது.

படி 4: மாதத்தைப் போலவே மணியும் முக்கியம்

பெப்ரவரியில் போனாலும் காலை பத்து மணிக்கு உலக முடிவை எட்டினால் பயனில்லை. கீழே பள்ளத்தாக்கு சூடாகச் சூடாக ஈரக்காற்று செங்குத்துப் பாறையோடு ஒட்டி மேலே ஏறிப் பனிமூட்டமாகிவிடும். ஆகவே முதல் நாள் இரவே நுவரெலியாவிலோ ஒஹியவிலோ தங்கி, ஆறு மணியளவில் வாயிலில் நில்லுங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ரயிலில் போவதென்றால் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கி வான் பிடிக்கலாம். சேவை நடக்கிறதா என்று கோட்டை நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். விடியலில் போனால் இன்னொரு லாபம், வீதியோரம் மரைகள் மேய்ந்துகொண்டு நிற்கும்.

படி 5: பையைக் கட்டுங்கள்

எந்த மாதமானாலும் சுவெட்டர், மழைக்கோட், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். பாணையும் பிஸ்கட்டையும் வீட்டிலேயே சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். வாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். கோபப்படாதீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று அந்தப் புல்வெளியில்தான். நம் வீட்டுக் குழாயில் வருகிற களனித் தண்ணீரும் அங்கிருந்து தொடங்குவதுதான்.

பிறகு ஒரு பெப்ரவரிப் புதன்கிழமை அம்மாவை மறுபடியும் கூட்டிப் போனேன். காலை ஏழரை மணி. கீழே தேயிலைத் தோட்டத்து லயன் கூரைகள்வரை தெரிந்தன. அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு கூரையாக எண்ணிக்கொண்டிருந்தார்.