தையல் லைனில் டார்கெட் போர்டு எழுதுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது டார்கெட் போர்டு எழுதத்தான்: லைன் மணிக்கு எத்தனை பீஸ் தைக்க வேண்டும், எத்தனை வந்தது என்று எழுதி வைக்கும் பலகை. டைலர் தன் வேலையைப் பற்றி நாள் முழுக்கப் படிப்பது அதை மட்டும்தான். அங்கே பீஸ் கணக்கு மட்டும் இருந்தால், தன் வேலையே வெறும் எண்ணிக்கைதான் என்று அவருக்குப் படும்.

டார்கெட் எப்படி வந்தது என்பதை மூலையில் எழுதுங்கள். 30 பேர், ஒரு டி-ஷர்ட்டுக்கு 9 நிமிடத் தையல் என்றால் எல்லோருக்கும் சேர்த்து மணிக்கு 1,800 நிமிடம், அதாவது 200 பீஸ். 60 சதவீதத் திறனில் 120. கணக்கு தெரிந்த டைலர்தான், "நூல் அறுந்துகிட்டே இருக்கு, இந்த மணிக்கு 120 வராது" என்று தைரியமாகச் சொல்வார். புது ஸ்டைல் ஏறும் நாளில் டார்கெட்டைக் குறைத்தே போடுங்கள், கை பழக வேண்டும்.

ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், வந்தால் டைலர் பெயர் எழுதாதீர்கள், காரணத்தை எழுதுங்கள்: ஊசி மழுங்கல், நூல் டென்ஷன், அளவு மாறிய கட்டிங். பெயர் எழுதுகிற லைனில் கெட்ட பீஸ் நல்ல பீஸ்களின் கட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். தோள் கோணலாக வந்தால் செக்கிங்கில் இருப்பவர் அந்தத் தோளை ஓவர்லாக் மெஷினில் இணைத்த டைலரிடமே கொண்டுபோய்க் காட்டட்டும்.

டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். தீராவிட்டால் லைனே நிற்கும். நம் லைனுக்கு ஒரு சிவப்பு விளக்கு போதும். ஆனால் விளக்கு எரிந்ததும் நீங்கள் ஓடிப்போக வேண்டும், திட்டாமல். முதல் தடவை திட்டினால் அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ராபர்ட் சைமன்ஸ் 1995-இல் இதைப் பிரித்துக் காட்டினார்: இலக்கு தவறியதா என்று பார்ப்பது ஒருவகைக் கட்டுப்பாடு, அந்த எண்ணை வைத்துக் கீழே இருப்பவரோடு உட்கார்ந்து பேசுவது வேறு வகை. காலையில் ஐந்து நிமிடம் போர்டு முன்னால் நின்று, "நேத்து எங்க மாட்டிக்கிச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

விதிகளுக்கும் காரணம் சொல்லுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்த பிறகுதான் புது ஊசி தருகிறோம். சும்மா சொன்னால் அது கெடுபிடி. இது குழந்தை போடும் சட்டை என்று தைத்து முடித்த ஒன்றைக் கையில் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள், டைலரே தரையில் உட்கார்ந்து தேடுவார். கழுத்துப் பட்டி மட்டும் வைக்கிறவர் முழுச் சட்டையைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் முடிந்த சட்டை ஒன்றை லைனிலேயே தொங்கவிடுங்கள்.

இன்சென்டிவ் கொடுத்தால், ஆல்டர் கழித்து, லைன் மொத்தத்துக்கும் கொடுங்கள். கணக்குச் சீட்டும் கூடவே போகட்டும்.