மருத்துவம் படிக்கும் விருப்பத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்துவிட்டால், உயர்தரத்தில் உயிரியல் பிரிவுதான் என்று வீட்டார் அப்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவில் பிள்ளையின் விருப்பம் எவ்வளவு, மற்றவர்களின் ஆசை எவ்வளவு என்பதை ரியூசனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

வைத்தியராக வேண்டும் என்ற எண்ணம் எப்போது, எதனால் வந்தது என்பதை முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அம்மம்மாவின் காலில் ஆறாமல் கிடந்த நீரிழிவுப் புண் காரணமாக இருக்கலாம். 2004ஆம் ஆண்டின் கடற்கோளைப் பற்றியோ, யுத்த காலத்தில் வைத்தியர் இல்லாமல் பட்ட பாட்டைப் பற்றியோ வீட்டில் கேட்ட கதையாகவும் இருக்கலாம். ஊரில் வைத்தியருக்குக் கிடைக்கும் மரியாதைதான் காரணம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது வெட்கப்பட வேண்டிய காரணம் அல்ல. ஆனால் அது மட்டுமே காரணமானால், ஐந்து வருடப் படிப்பையும் அதன் பின்னான ஒரு வருட உள்ளகப் பயிற்சியையும் தாங்க அது போதாது என்பதே என் கருத்து.

அடுத்ததாக, அந்தத் தொழிலின் சாதாரண நாளைப் பாருங்கள். வீட்டில் உள்ள முதியவரை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சில மாதங்களுக்கு நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டுவதையும், கணுக்காலில் விரலால் அழுத்தி வீக்கம் பார்ப்பதையும், சென்ற மாதம் சொன்ன அதே அறிவுரையைப் பொறுமையாகத் திரும்பச் சொல்வதையும் கவனியுங்கள். உயிர் காக்கும் பரபரப்பான தருணங்களைவிட இத்தகைய வேலையே அதிகம். இதைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அதை நம்பலாம்.

இரக்கம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 'ஏன்' என்று கேட்கும் அறிவுத்தாகமும் அதே அளவு வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில் வேலை செய்பவர்களுக்குப் பாம்புக்கடி புதிதல்ல. கண்ணாடிவிரியன் கடித்ததாகச் சந்தேகம் வந்தால், சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால், நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று அறிந்து நஞ்செதிர்ப்பு மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் அதைத் தணிக்கும் அத்ரினலின் மருந்தையும் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். இதை வாசித்ததும் நஞ்சு எப்படி இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றுகிறதா? தோன்றினால், இரசாயனவியலும் பௌதிகவியலும் உங்களுக்குச் சுமையாக இரா.

பிள்ளையாரடியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் படிக்கும் உங்கள் பாடசாலைப் பழைய மாணவர் ஒருவரைக் கண்டு பேசுங்கள். புள்ளி எடுத்த விதத்தைக் கேட்பதைவிட, அவருக்கு எந்த நாள் மிகக் கடினமாக இருந்தது, மறுநாள் நோயாளர் விடுதிக்கு மீண்டும் எதனால் போனார் என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியையும் (உயர்தரப் பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணிக்கும் புள்ளி) மாவட்ட ஒதுக்கீட்டையும் பொறுத்தது. மிக நன்றாகப் படித்த பிள்ளையும் சிறு வித்தியாசத்தில் வாய்ப்பை இழக்கலாம். ஆகவே உயர்தரம் தொடங்கும்போதே மாற்று வழிகளைப் பிள்ளையுடன் பேசி வையுங்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்பதுதான் பிள்ளையை ஈர்த்தது என்றால், அதே பீடத்தில் தாதியர் பட்டப்படிப்பும் உண்டு. நோய் வராமல் தடுப்பதில் நாட்டம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பணி உண்டு. ஆய்வுகூடம் பிடிக்கும் என்றால் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகலாம். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தகைமைகளை இப்போதே விசாரித்து, அந்தக் கொப்பியிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.