கலங்கிய நீர் தெளிந்த கதை

ஆர்ஓ வடிகட்டி தாது உப்புகளையும் சேர்த்தே எடுத்துவிடுவதால், குடிக்கும் நீரில் மெக்னீசியம் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மெக்னீசியம் உள்ள திரவ மருந்தான மில்க் ஆஃப் மெக்னீசியாவை அப்படியே நீரில் ஊற்றினேன். சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகி, அடியில் படிந்தது. அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, வெறும் நீரில் அனேகமாகக் கரையாது.

அதைக் கரைக்க கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அப்புறம் சோடாவில் முயன்றேன். சோடா வெதுவெதுப்பாக இருந்ததால், மூடியைத் திறந்ததும் பாதி வாயு போய்விட்டது, கலங்கல் தெளியவில்லை. அடுத்த முறை ஒரு லிட்டர் வெறும் சோடாவை நன்றாகக் குளிரவைத்து, சுவையூட்டி இல்லாத மருந்தில் 5 மில்லி (400 மில்லிகிராம் ஹைட்ராக்சைடு) ஊற்றி, சட்டென மூடிக் குலுக்கினேன். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, மறுபடி குலுக்கினேன். கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது! இப்போது அது மெக்னீசியம் பைகார்பனேட். லிட்டருக்குச் சுமார் 167 மில்லிகிராம் மெக்னீசியம்.

இதில் 100 மில்லியை ஒரு லிட்டர் குடிநீரில் கலக்கிறேன். கொதிக்கவைத்தால் மறுபடி வெள்ளைப் படிவு வரும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள், அது மலமிளக்கி மருந்தும்கூட. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.