விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைக்குக் கூழ் பழக்குவது

ஆடி, ஆவணியில் கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் பள்ளிக்கூடம் பூட்ட, பிள்ளைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் அம்மம்மா வீட்டுக்கு வந்து சேருவார்கள். மூன்று கிழமை நல்லாய்ச் சாப்பிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு திரும்பி விடுவார்கள். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி வரும்: "அம்மம்மா, கூழுக்கு எவ்வளவு மா போடுறது?" இங்கிருந்து போகும் பதில்: "கண்ணளவுதான் பிள்ளை." அத்தோடு அந்தக் கூழ் நின்றுவிடும்.

அப்படி நிற்காமல் இருக்க, பிள்ளை இங்கே நிற்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. இடப்பெயர்வில் வீட்டுப் படங்கள், கொப்பிகள், பாத்திரங்கள் எல்லாம் விட்டுப்போன குடும்பங்களில் பாட்டியின் கைப்பக்குவம் ஒன்றுதான் கைமாற மிஞ்சியிருக்கிறது. அதை அவசரத்தில் பழக்க முடியாது. பத்துப் பதினைந்து சாப்பாடு பழக்க வெளிக்கிட்டால் ஒன்றும் தேறாது. இரண்டு போதும்: பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழும் பனங்காய்ப் பணியாரமும். எதை எப்போது பானைக்குள் போடுவது என்ற ஒழுங்கைக் கூழ் பழக்கிவிடும். பணியாரத்துக்கு வேண்டிய பனம்பழமோ அந்த மாதத்தில்தான் விழும்.

கண்ணளவைக் கிராமுக்குக் கொண்டுவருதல்

5 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். கடையில் வாங்கலாம், இரவலும் வாங்கலாம். அம்மம்மாவிடம் அளவு கேட்காதீர்கள். வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, "இதுக்குள்ள போடுங்கோ, நான் சட்டிக்குள்ள கொட்டுறன்" என்று சொல்லுங்கள். அவ வழமைபோலக் கையால் அள்ளிப் போடட்டும். நிறையைக் குறித்த பிறகு சட்டிக்குள் கொட்டுங்கள். மா, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

உப்புக்கு இது சரிவராது. நாக்கில் விட்டுப் பார்த்துப் பார்த்து மூன்று தரம் போடுவா. அதனால் உப்புப் போத்தலைச் சமையலுக்கு முன்னும் பின்னும் நிறுத்து, குறைந்ததை எழுதுங்கள். தண்ணீருக்கு ஒரு ஈர்க்கு போதும். அவ தண்ணீர் விட்டு முடித்ததும் ஈர்க்கைப் பானைக்குள் நேராக விட்டு, நனைந்த இடத்தில் முறித்து வையுங்கள். பிறகு வெறும் பானையில் அந்த உயரம் வரும்வரை ஒரு லீற்றர் போத்தலால் ஊற்றி எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

பழைய பால்பேணியைச் சுண்டு என்று வைத்து அளக்கும் வீடுகளில் அந்தப் பேணியில் அரிசி எவ்வளவு கொள்ளுது, மா எவ்வளவு கொள்ளுது என்று தனித்தனியே நிறுத்து வையுங்கள். ஒரே பேணிதான், ஆனால் இரண்டின் நிறையும் ஒன்றில்லை. வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் வரும் கப்பும் நம் சுண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பலருடைய கூழ் களியாய்ப் போகிறது.

பிள்ளை அரைகுறைத் தமிழ் கதைக்கிறதாக இருந்தால் முதலில் பழக்க வேண்டிய சொல் "காணும்". "போதும்" என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, இந்த ஊரில் "காணும்" என்றால் அதே பொருள் என்று தெரியாது. தெரிந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வியும் பிடிபடும்: "காணும் எண்டு எப்பிடித் தெரியும் அம்மம்மா?" அதற்கு வரும் பதிலை அவ சொன்னபடியே எழுதுங்கள். "அகப்பையில எடுத்து ஊத்தினா நூல்போல விழக்கூடாது, பட்டையா விழ வேணும்" என்பது எந்தக் கிராம் கணக்கையும் விடப் பெறுமதியானது. கைபேசியில் வீடியோ எடுத்தால் ஆளின் முகத்தை எடுக்காமல் சட்டியின் மேற்பரப்பை எடுங்கள். கொதிக்கும் சத்தமும் பதிவாகட்டும்.

ஒடியல் கூழ்

பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைத்து வரும் கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்குப் பச்சை ஒடியலை இடித்து எடுத்த மா வேண்டும். புழுக்கொடியல் மாவில் கூழ் காய்ச்சினால் அந்தக் கசப்பும் வராது, திரட்சியும் வராது. கடையில் வாங்கும்போது பையில் எழுதியிருப்பதைப் பிள்ளைக்குக் காட்டி வாசிக்க வையுங்கள். வெளிநாட்டில் இந்த இரண்டையும் மாறி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

எட்டுப் பேருக்கு: ஒடியல் மா 250 கிராம், குத்தரிசி ஒரு கைப்பிடி (50 கிராம்), பலாக்கொட்டை 20, மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பயிற்றங்காய் 150 கிராம், ஒரு பெரிய மீன் தலை, முள் குறைந்த மீன் துண்டு 500 கிராம், நண்டு 4, இறால் 250 கிராம், முருங்கை இலை இரண்டு கைப்பிடி, பழப்புளி 60 கிராம், செத்தல் மிளகாய் 15, மிளகு ஒரு தேக்கரண்டி, உள்ளி 8 பல்லு, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் மூன்றரை லீற்றர் (மா ஊறவைக்கவும் கரைக்கவும் வேண்டியது வேறு), உப்பு. முல்லைத்தீவுக் கரையிலோ நந்திக்கடலிலோ அன்று பிடித்தது கிடைத்தால் வேறு மீன் தேடாதீர்கள். குளத்து மீன் கூழுக்கு வேண்டாம். அதன் சேற்று மணத்தை ஒடியல் மா அடக்காது, இன்னும் எடுத்துக் காட்டும். அதைப் பொரிக்கலாம்.

நண்டும் இறாலும் வாங்குவதற்கு முன்னரே பிள்ளைக்கு அவை ஒத்துக்கொள்ளுமா என்று தாய் தகப்பனிடம் கேட்டு வையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மீனை மட்டும் போட்டுக் காய்ச்சலாம், கூழ் கெட்டுவிடாது.

மாவை அரித்து, ஒன்றரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, அசையாமல் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். மா அடியில் படியும், மேலே மங்கிய மஞ்சள் தண்ணீர் தெளியும். கசப்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பாத்திரத்தைச் சரித்து மெல்ல வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் விட்டு இன்னொரு முறை ஊறவிடுங்கள். கலக்கிக்கொண்டே ஊற்றினால் மாவும் சேர்ந்து போய்விடும். இரண்டாம் தண்ணீரை வடித்த பிறகு ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். மெல்லிய கசப்பு நிற்க வேண்டும். அதுவும் போகட்டும் என்று நாலைந்து தரம் கழுவுகிற வீடுகளில் குடிப்பது ஒடியல் கூழ் இல்லை, வெறும் மாக்கஞ்சி.

மீன் தலையைத் தனியாக ஒரு லீற்றர் தண்ணீரில் அவித்து, வடித்து, சதையைப் பிய்த்து வையுங்கள். முள்ளுக்குப் பயந்த பிள்ளைகள் கூழைத் தொடமாட்டார்கள். இப்படிச் செய்தால் சாறும் வரும், பயமும் இல்லை.

மிச்சத் தண்ணீர் இரண்டரை லீற்றரையும் பெரிய பானையில் கொதிக்கவைத்து அரிசியையும் பலாக்கொட்டையையும் போடுங்கள். 20 நிமிடம் அவியட்டும். பிறகு மரவள்ளி. அதன் தோலைத் தடிப்பாக உரித்து, நடு நாரை எடுத்துவிட்டு, பானையை மூடாமல் அவியுங்கள். கிழங்கின் உள்ளே நீலக் கோடு ஓடியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். கிழங்கு அரைவாசி அவிந்ததும் பயிற்றங்காயும் நண்டும் தலை அவித்த சாறும் போகும். நண்டு சிவந்ததும் மீன் துண்டு, ஐந்து நிமிடம் கழித்து இறால். இறாலை முந்திப் போட்டால் றப்பர்போல இறுகிவிடும்.

புளியை எல்லாம் அவிந்த பிறகுதான் விட வேண்டும். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் பிழைவிடும் இடம் இது. புளி இறங்கினால் அதற்குப் பிறகு கிழங்கும் பலாக்கொட்டையும் இலகுவில் மெதுமையாகாது, எவ்வளவு நேரம் எரித்தாலும் கொட்டை பல்லில் நறுக்கென்றுதான் நிற்கும். ஒரு கொட்டையை எடுத்து விரலால் நசித்துப் பாருங்கள். நசிந்தால், செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் சேர்த்து அரைத்த கூட்டையும் புளிக்கரைசலையும் உப்பையும் சேருங்கள். உறைப்புத் தாங்காத பிள்ளைக்கு மிளகாய் ஏழு எட்டோடு நிறுத்தி, பெரியவர்களுக்கு மிச்சக் கூட்டைத் தனியே வைத்துக் கொடுங்கள்.

கடைசியில் மா. படிந்த மாவை அரை லீற்றர் புதுத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பைத் தணித்துவிட்டு, ஒருவர் மெல்ல ஊற்ற மற்றவர் அடியோடு துழாவ வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதே பிள்ளையைக் குசினிக்குள் கூப்பிட நல்ல சாட்டு. கொதி பொங்கும்போது ஒரேயடியாக ஊற்றினால் மா வெளியே வெந்து உள்ளே பச்சையாய்க் கட்டிபடும். பிறகு கரைக்க முடியாது, வடிதட்டால் எடுத்து எறிய வேண்டியதுதான். துழாவத் துழாவக் கூழின் நிறம் மங்கலிலிருந்து மினுக்கத்துக்கு மாறும். அந்த மாற்றம் வந்து இன்னும் பத்து நிமிடம் எரிந்தால்தான் பச்சை மணம் போகும். முருங்கை இலையைத் தூவி இறக்குங்கள்.

நீங்கள் நினைக்கும் பதத்துக்குக் கொஞ்சம் முன்னரே இறக்க வேண்டும். ஆற ஆறக் கூழ் தடிக்கும். தடித்துவிட்டால் கொதிநீர் விட்டுத் துழாவுங்கள், பச்சைத் தண்ணீர் விடாதீர்கள்.

பனையோலையைக் கோலிய பிளாவில் வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடிப்பது. பிளா கையைச் சுடாது, பீங்கான் சுடும்.

கதை வந்தால்

மூன்று மணித்தியாலம் ஒரு அடுப்படியில் நின்றால் பழைய கதை வரும். வந்தால் கேளுங்கள், பதிவு செய்ய முன் அனுமதி கேளுங்கள், நிறுத்தினால் தோண்டாதீர்கள். வைகாசியில் வந்து நிற்கும் பிள்ளை முள்ளிவாய்க்கால் கஞ்சி எப்படி என்று கேட்கக்கூடும். 2009 இல் போரின் கடைசி வாரங்களில் சனங்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அது. அரிசி 250 கிராம், தண்ணீர் மூன்று லீற்றர், உப்பு. அரிசி குழையும்வரை காய்ச்சுவது, அவ்வளவுதான். ருசி பத்தாது என்று தேங்காய்ப்பாலோ வெங்காயமோ சேர்க்காதீர்கள். அன்று அதில் அவை இருக்கவில்லை. மே 18 ஐ ஒட்டி ஊரில் அந்தக் கஞ்சி வார்க்கும்போது பிள்ளையும் ஒரு கோப்பை வாங்கிக் குடிக்கட்டும். விளக்கத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பனங்காய்ப் பணியாரம்

நன்றாகப் பழுத்துத் தானாய் விழுந்த பழம் இரண்டு. காம்புப் பக்கத்து மூடியை (மூள்) கழற்றி, தோலை உரித்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துத் தும்பைப் பிசைந்து களியைப் பிழிந்து எடுங்கள். துணியில் வடித்தால் தும்பு நிற்கும். இந்த இடத்தில் கட்டாயம் நாக்கில் வைத்துப் பாருங்கள். சில மரத்துப் பழம் கடுமையாகக் கசக்கும். அதைச் சீனி போட்டுத் திருத்தலாம் என்று நினைப்பது வீண், மரத்தை மாற்றுங்கள். எந்த மரம் நல்லதென்று அயலில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

களி அரை லீற்றருக்குச் சீனி 250 கிராம் போட்டு, பச்சை மணம் போய்க் குமிழ் தடித்து வெடிக்கும்வரை காய்ச்சி, முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு மா போட்டால் கட்டிபடும். ஆறியதும் அவித்து அரித்த கோதுமை மா 350 கிராமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் எடுத்தால் வடியாமல், தட்டினால் விழ வேண்டும். தேங்காயெண்ணெயில், நடுத்தரச் சூட்டில், சிறு நெல்லிக்காய் அளவாகக் கிள்ளிப் போடுங்கள். எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் வெளியே கறுத்து உள்ளே களியாய் நிற்கும். அடுத்த நாள்தான் அதன் ருசி சரியாக இறங்கும்.

திரும்பிப் போகிற பிள்ளைக்கு

ஒடியல் மாவை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு காற்றுப்புகாமல் கட்டிக் கொடுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மீன், கருவாடு கொடுத்துவிட முன் அந்த நாட்டுச் சுங்கச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் உறைந்த மரவள்ளியும் பலாக்கொட்டையும் கிடைக்கும். முருங்கை இலை இல்லையென்றால் பசளி போடலாம். நண்டு இல்லாமலும் காய்ச்சலாம். ஒடியல் மாவுக்குப் பதில் சோளமா போடுவது மட்டும் கூடாது.

சுலோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். ஊரில் ஹலுஷ்கி என்றால் துருவிய பச்சை உருளைக்கிழங்கையும் மாவையும் குழைத்துக் கொதிநீரில் சிறு கட்டிகளாய் விழுத்தி, பிரின்ட்சா என்ற செம்மறிப் பாற்கட்டி சேர்த்து உண்பது. இன்று பிற்ஸ்பேர்க்கில் அதே பெயரைச் சொன்னால் வருவது பெரும்பாலும் வெண்ணெயில் வதக்கிய கோவாவும் நூடில்ஸும். அதுவும் நல்ல சாப்பாடுதான், அதைச் சமைத்துத்தான் அவர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எதை மாற்றினோம் என்று எழுதி வைத்தால், பிறகொரு பேரப்பிள்ளை பழையதைத் தேடும்போது வழி இருக்கும். பிள்ளையின் கொப்பியில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் "மாற்றலாம்", "மாற்றக்கூடாது" என்று அம்மம்மாவைக் கொண்டு சொல்லி எழுதுவியுங்கள்.

முதல் முறை அங்கே காய்ச்சும்போது வீடியோ அழைப்பில் இருக்கட்டும். கோடையில் ரொறொன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. லண்டனில் காலை 10 என்றால் இங்கே பின்னேரம் 2.30. மா கரைத்து ஊற்றிய பிறகு கைபேசியைப் பானைக்கு மேலே பிடித்து, அகப்பையால் அள்ளி, திரும்ப விழவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விழுகிற விதத்தைப் பார்த்தே அம்மம்மா சொல்லிவிடுவா, இன்னும் ஒரு கோப்பை கொதிநீர் வேணுமா, காணுமா என்று.