வியன்னாவில் கப்பலிலிருந்து நகருக்குள் போக யு1 மெட்ரோ போதும்

டான்யூப் நதிக் கப்பலில் வந்து வியன்னாவில் ரைக்ஸ்புரூக்கே பாலத்தருகே இறங்கினால், கப்பல்காரர்கள் தனிக்கட்டணத்தில் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை எடுக்க வேண்டாம். ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸே நிலையத்துக்கு நடந்துபோய் யு1 மெட்ரோவில் ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ். படியேறி வெளியே வந்தால் புனித ஸ்டீபன் பேராலயம் எதிரிலேயே நிற்கும்.

பழைய நகரின் நடுப்பகுதி வாகனம் நுழையாத நடைவீதி. பேருந்து ஓரத்தில்தான் இறக்கிவிடும், அப்புறம் எப்படியும் நடைதான். மெட்ரோவோ நேரே நடுமையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது, திரும்பும் நேரமும் நம் கையில். நாள் முழுக்க அலைவதாக இருந்தால் 24 மணி நேரச் சீட்டு வசதி. நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. அதற்காகச் சீட்டில்லாமல் ஏறிவிடாதீர்கள், பரிசோதகர் வந்தால் அபராதம் கனமாக இருக்கும். தாள் சீட்டு என்றால் முத்திரையிட மறக்கக் கூடாது.

சில கப்பல்கள் நுஸ்டார்ஃப் என்ற வேறொரு கப்பல்துறையில் நிற்கும். அங்கே இந்த வழி உதவாது, ‘டி’ (D) என்ற எழுத்துள்ள டிராம்தான் சரி. முதல் நாளே கப்பல் வரவேற்பறையில் எந்தக் கப்பல்துறையில் நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். வரலாறு சொல்ல வழிகாட்டி வேண்டும் என்பவர்களுக்குப் பேருந்துச் சுற்றுலாவே நல்லது.