என்விடியா டிரைவரும் பிரெஞ்சுக் கீபோர்டும்: கறுப்புத் திரையிலிருந்து மீளும் வழி

ரீயூனியனில் சேன் ஆந்த்ரேயில் இருக்கும் என் சின்ன மாமா, தீமிதி வீடியோக்களை எடிட் செய்ய ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. அதில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுத்துவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்துதான் சரி செய்தேன். அதில் பாதி நேரத்தைத் தின்றது நம் ஊர் பிரெஞ்சுக் கீபோர்டான அஸெர்ட்டி. கட்டளைகளைத் தமிழெழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சின்னெழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் திரையை வரவழையுங்கள்

லேப்டாப் கம்பெனி லோகோ மறையும்போது எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டினால் குரப் மெனு (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலின் பட்டியல்) வரும். உபுண்டு வரியில் நின்று 'ஈ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' (கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவைத்து எளிய திரையோடு தொடங்கச் சொல்லும் சொல்) சேர்க்க வேண்டும்.

இங்கே கவனம். குரப்புக்கு அமெரிக்கக் கீபோர்ட் மட்டும்தான் தெரியும். நாம் 'எம்' அழுத்தினால் அரைப்புள்ளி விழும். 'என்' விசைக்கு வலப்பக்கம் இருக்கும் காற்புள்ளி விசையை அழுத்துங்கள், 'எம்' விழும். இந்தச் சொல்லில் மற்ற எழுத்துகள் எல்லாம் இடம் மாறுவதில்லை. எஃப்10 அழுத்தினால் டெஸ்க்டாப் வரும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்.

2. எந்த டிரைவர் ஓடுகிறது?

'எல்எஸ்பிசிஐ -கே' அடித்து, என்விடியா பெயருக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைப் பாருங்கள். 'நூவோ' என்றிருந்தால் திறமூல டிரைவர் ஓடுகிறது என்று அர்த்தம். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடே வந்துவிடும், தனியாக எதுவும் போட வேண்டாம்.

3. டிரைவர் போடுவது

'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' அடித்தால் உங்கள் கார்டுக்கு ஏற்றவை வரிசையாக வரும். 'ரெகமண்டட்' என்று போட்டிருப்பதை 'சூடோ ஏபிடி இன்ஸ்டால்' கொண்டு போடுங்கள். ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்ளர் கார்டுகளுக்கு 470-தான் கடைசி டிரைவர். என்விடியா தளத்திலிருந்து '.ரன்' ஃபைலை இறக்கிப் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கர்னல் அப்டேட் வந்ததும் திரும்ப அதே கறுப்புத் திரையில் நிற்பீர்கள்.

4. நீலத்திரை

என்னை அலைக்கழித்த இடம் இதுதான். செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) ஆன் ஆகியிருந்தால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை, அதாவது டிரைவர் துண்டை, கர்னல் ஏற்காது. உபுண்டுவே கையெழுத்திட்ட மாட்யூல் வந்தால் சிக்கலில்லை. டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைத் தொகுக்கும் கருவி) வழியாக நம் கணினியிலேயே தொகுத்தால், ஒரு புதிய பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும். 10 நொடிக்குள் ஏதாவது விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும். தட்டியபின் 'என்ரோல் மோக்' (மோக் என்பது அந்த மாட்யூலுக்குக் கையெழுத்திடும் நம் சாவி), 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு அதே பாஸ்வேர்ட்.

நான் வைத்தது 'அம்மன்2024'. நீலத்திரை அதை ஏற்கவே இல்லை. "சரியாத்தானப்பா அடிக்கிறே?" என்று மாமா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகத்தான் அடித்தேன். ஆனால் அங்கேயும் அமெரிக்கக் கீபோர்ட்தான். 'ஏ' அடித்தால் 'க்யூ', 'எம்' அடித்தால் அரைப்புள்ளி. எண்ணுக்கு நாம் ஷிஃப்ட் பிடிப்போம், அங்கே ஷிஃப்ட் பிடித்தால் குறியீடுதான் விழும். அடிப்பது திரையில் தெரியாததால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

அதனால் ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம், எண்கள், குறியீடுகள் எதுவும் இல்லாத பாஸ்வேர்ட் வையுங்கள். நான் இப்போது பூங்கொடி என்று வைக்கிறேன்: பி, ஓ, ஓ, என், ஜி, ஓ, டி, ஐ. எட்டெழுத்தும் இரண்டு கீபோர்டிலும் ஒரே இடம். அந்த ஒரு முறைக்குத்தான் பாஸ்வேர்ட் தேவை, எளிதாக இருந்தால் பரவாயில்லை.

நீலத்திரையைத் தவறவிட்டால் பதற வேண்டாம். 'சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்' அடியுங்கள் (கடைசி 'மோக்' மட்டும் பெரிய எழுத்தில்). மீண்டும் பாஸ்வேர்ட் கேட்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பார்கள். பக்கத்தில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் வசதி) போட்ட விண்டோஸ் இருந்தால், அது ரெகவரி கீ கேட்டு நிற்கும். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை.

5. சரிபார்ப்பது

'என்விடியா-எஸ்எம்ஐ' அடியுங்கள். கார்டின் பெயரோடு அட்டவணை வந்தால் முடிந்தது. வராவிட்டால் 'சூடோ மாட்ப்ரோப் என்விடியா' அடியுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று சொன்னால் 4-ஆம் படிக்கே திரும்புங்கள்.

பிறகு சேர்த்தது: மொரிஷியஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மோக் ஒழுங்காகப் பதிந்தும், கர்னல் அப்டேட்டுக்குப் பின் டிரைவர் காணவில்லையாம். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடிக்கச் சொன்னேன். புதிய கர்னலின் எண் அதில் இல்லை. 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனெரிக்' போட்டதும் டிகேஎம்எஸ் தானே தொகுத்துக்கொண்டது. சாவி ஏற்கெனவே பதிந்திருந்ததால் நீலத்திரை திரும்ப வரவில்லை.